அகம் தீட்டிய ககனேந்திரநாதர்



'அகம்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு உள் என்று ஒரு பொருள் உண்டு; வீடு என்று மற்றொரு பொருள் உண்டு; மனம் என்று மூன்றாவது பொருளும் உண்டு. வெவ்வேறு போலத் தோன்றும் இம்மூன்றையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கி வைத்தனர். வீட்டின் உள்ளே நிகழ்வதும் மனத்தின் உள்ளே நிகழ்வதும் ஒன்றையொன்று ஒத்தவை என்று அவர்கள் கண்டிருந்தனர் போலும். இந்த ஒரு சொல்லைக் கைவிளக்காகக் கொண்டு, இன்று ஓர் ஓவியரைப் பற்றி உங்களுடன் பேச விரும்புகிறேன். அவர் தமிழர் அல்லர், வங்காளத்தவர். ஆயினும், அவர் தீட்டிய சில சித்திரங்களுக்கு 'அகம்' என்பதைக் காட்டிலும் பொருத்தமான பெயர் வேறு எம்மொழியிலும் கிடைப்பது அரிது.

அவர் பெயர் ககனேந்திரநாத் தாகூர். தாகூர் என்றதும் உங்களில் பெரும்பாலோர் கவியரசர் இரவீந்திரநாதரை நினைப்பீர்கள். ஓவியக் கலையில் சிறிது ஈடுபாடு உடையவர்கள் அவனீந்திரநாதரையும் அறிந்திருக்கலாம். இவ்விரு பெரும் பெயர்களுக்கும் இடையே, இரண்டு ஆலமரங்களின் நிழலில் நின்ற மற்றொரு மரம்போல, ககனேந்திரநாதரின் பெயர் மறைந்து நிற்கிறது. இவர் அவனீந்திரநாதரின் தமையனார். இரவீந்திரநாதருக்கு மகன் முறையினர். இவருடைய தங்கை சுனயனி தேவியும் ஓவியரே. நாட்டின் கலைச் செல்வமாக மதித்து, வெளிநாட்டுக்கு விற்றுக் கொண்டு செல்லலாகாது என்று இந்திய அரசு காத்துவரும் படைப்புகள் ஒன்பது ஓவியர்களுடையவை. அவ்வொன்பதின்மருள் ககனேந்திரநாதரும் ஒருவர். சட்டம் இவரை நினைவில் வைத்திருக்கிறது. பாடநூல்களும் பொதுமக்களும் அவ்வாறு நினைவில் வைத்திருப்பதாகச் சொல்ல இயலாது.

ககனேந்திரநாதர் 1867-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். ஜோராசாங்கோ என்னும் பகுதியில், துவாரகநாத் தாகூர் சந்தில், ஐந்தாம் எண்ணுள்ள பெரிய மாளிகை அவருடைய வீடு. ஆறாம் எண்ணுள்ள அடுத்த மாளிகை இரவீந்திரநாதரின் குடும்பத்தாருடையது. நீண்ட தாழ்வாரங்கள், உயர்ந்த தூண்கள், மேலும் கீழும் செல்லும் படிக்கட்டுகள், ஆடவர் புழங்கும் முன்கட்டு, பெண்டிர் வாழும் உள்கட்டு என விரிந்த வீடுகள் அவை. அத்தகைய வீட்டில் வளரும் சிறுவனுக்கு உலகம் என்பது முதலில் ஓர் அறை. பின்பு அதற்கு அப்பால் ஒரு கதவு. கதவுக்கு அப்பால் மற்றோர் அறை. 1881-ஆம் ஆண்டில், ககனேந்திரர் சிறுவராக இருந்தபோதே, தந்தையார் குணேந்திரநாதர் காலமானார். மூத்த மகன் என்ற முறையில் குடும்பத்தின் பொறுப்பு இவரை நோக்கி வந்தது. பிற்காலத்தில் தம் மகன் ஒருவனை இளம் வயதிலேயே இழக்கும் துயரமும் இவருக்கு நேர்ந்தது. வெளியார் கண்ணுக்குச் செல்வமும் சிறப்பும் நிறைந்து காணப்பட்ட வீட்டின் உள்ளே, சொல்லப்படாத துக்கங்கள் இருந்தன. இதனை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

முறையான ஓவியப் பள்ளி எதிலும் இவர் பட்டம் பெற்றவர் அல்லர். 1903-ஆம் ஆண்டில் யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஜப்பானிய ஓவியர் இருவர் கல்கத்தாவுக்கு வந்தனர். நீரில் கரைந்த கருமையைத் தூரிகையில் எடுத்து, மெல்லிய சாயைகளால் உருவங்களைத் தோற்றுவிக்கும் அவர்களுடைய முறை இவரைக் கவர்ந்தது. 1907-இல் கீழைநாட்டுக் கலைக்கான இந்தியச் சங்கம் கல்கத்தாவில் தோன்றியபோது, அதனை முன்னின்று வளர்த்தவர்களுள் இவரும் தம்பியாரும் இருந்தனர். இரவீந்திரநாதர் தம் இளமை நினைவுகளை எழுதி 1912-இல் நூலாக வெளியிட்டபோது, அதற்குப் படங்கள் வரைந்தவர் ககனேந்திரரே. 1917-ஆம் ஆண்டளவில், சமூகத்தின் போலித்தனங்களை எள்ளி நகையாடும் கேலிச் சித்திரங்களை வரைந்து, கல்லச்சில் அடித்துத் தொகுதிகளாக வெளியிட்டார். ஆங்கில மோகத்தையும் சாதிச் செருக்கையும் அவை ஈவிரக்கமின்றிச் சாடின.

இவ்வாறு பலவகையாலும் கலைத்தொண்டு புரிந்தவர், தம் ஐம்பதாவது வயதைக் கடந்த பிறகு, 1920-களில், ஒரு புதிய வழியில் இறங்கினார். அவ்வழியே நம் இன்றைய பொருள். வீட்டின் உட்புறங்களை அவர் வரையத் தொடங்கினார். அவை பெரும்பாலும் தாளில் நீர்வண்ணத்தாலும் கருமையாலும் ஆன சிறிய படங்கள்.

அப்படங்களில் என்ன காண்கிறோம்? உயர்ந்த வளைவுகளும் தூண்களும் இருளில் மேலெழுந்து நிற்கின்றன. ஒரு படிக்கட்டு மேலே செல்கிறது. எங்கே சென்று முடிகிறது என்பது தெரிவதில்லை. ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது. எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் வந்து சுவரை முக்கோணமாகவும் பட்டையாகவும் வெட்டுகிறது. ஆனால் விளக்கு கண்ணுக்குப் படுவதில்லை. இவற்றின் நடுவே, முக்காடிட்ட ஒரு பெண்ணுருவமோ, நிழல்போன்ற ஓர் ஆணுருவமோ சிறியதாக நிற்கிறது. அவ்வுருவத்தின் முகம் நமக்குத் தெளிவாகக் கிட்டுவதில்லை. படத்தில் யாரும் அழவில்லை, யாரும் கத்தியை ஓங்கவில்லை, எதுவும் நிகழவில்லை. ஆயினும், அதனைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருப்பவரின் மனத்தில் ஒரு கலக்கம் மெல்ல வந்து அமர்கிறது. ஏதோ ஒன்று சற்றுமுன் நடந்து முடிந்திருக்க வேண்டும். அல்லது இனி நடக்க இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்த எண்ணத்திலிருந்து விடுபட்டுப் படத்தைப் பார்ப்பது கடினம்.

'படிக்கட்டில் சந்திப்பு' என்று ஒரு படத்துக்குப் பெயர் வழங்குகிறது. அப்பெயரையே எண்ணிப் பாருங்கள். கூடத்தில் சந்திப்பவர் அமர்ந்து பேசலாம்; தெருவில் சந்திப்பவர் விலகிப் போகலாம். படிக்கட்டு தங்கும் இடமும் அன்று. விலகிச் செல்ல அகலமான இடமும் அன்று. ஒருவர் மேற்படியிலும் மற்றவர் கீழ்ப்படியிலும் நின்றே ஆகவேண்டும். இருவர் சந்தித்தார்கள் என்பதற்கு மேல் பெயர் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் யாவர், ஏன் சந்தித்தனர், சந்தித்தது விரும்பியா விரும்பாமலா என்னும் வினாக்களை எல்லாம் ஓவியர் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

இந்தக் கலக்கத்தை அவர் எவ்வாறு உண்டாக்குகிறார் என்பதை ஆசிரியன் என்ற முறையில் உங்களுக்குப் பகுத்துக் காட்ட விரும்புகிறேன். முதலாவது, ஒளியின் மூலத்தை மறைத்தல். விளக்கு தெரிந்தால், இருள் எதனால் வந்தது என்பதும் தெரிந்துவிடும், மனம் அமைதியடையும். விளக்கை மறைத்துவிட்டால் ஒளியே ஐயத்துக்கு உரியதாகிறது. இரண்டாவது, அளவு. மனித உருவத்தைச் சிறியதாக்கிச் சுவரையும் தூணையும் பெரியனவாக்கினால், வீடு மனிதனைக் காப்பதாகத் தோன்றாமல் அவனை அடக்கி வைத்திருப்பதாகத் தோன்றுகிறது. மூன்றாவது, முகத்தை மறைத்தல். முகம் தெரிந்தால் மகிழ்ச்சியா துயரமா என்று நாம் உடனே தீர்ப்புக் கூறிவிடுவோம். முகம் தெரியாதபோது, சாய்ந்த தோளையும் நின்ற நிலையையும் கொண்டு உள்ளத்தை உய்த்துணர வேண்டியவர்களாகிறோம். நான்காவது, தளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஊடுருவ விடுதல். சுவர் கண்ணாடிபோல் ஆகி, அதற்கு அப்பால் உள்ள மற்றொரு சுவர் தெரிகிறது. உள் எது, வெளி எது என்ற எல்லை இதனால் குலைகிறது. கனவில் நாம் காணும் வீடுகள் இத்தகையவை அல்லவா?

இந்த நான்காவது உத்தி ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிக்காசோ, பிராக் என்னும் ஓவியர்கள் 1907-ஆம் ஆண்டை ஒட்டி, பொருள்களைக் கோணங்களாகவும் தளங்களாகவும் உடைத்து, ஒரு பொருளின் பல பக்கங்களை ஒருசேரக் காட்ட முயன்றனர். அம்முறைக்குக் கியூபிசம் என்று பெயர். ககனேந்திரர் அதனை அறிந்து எடுத்துக்கொண்டார்; ஆயின் வேறு பயனுக்காக எடுத்துக்கொண்டார். பிக்காசோவும் பிராக்கும் ஒரு கிட்டாரையோ ஒரு புட்டியையோ மேசைமேல் வைத்து, அதன் வடிவத்தை ஆராய்ந்தனர். ககனேந்திரர் அதே கோணங்களைக் கொண்டு வெளிச்சத்தையும் நிழலையும் உடைத்து, ஒரு வீட்டின் மனநிலையை ஆராய்ந்தார்.

1922-ஆம் ஆண்டில் ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்னும் கலையறிஞர், இவரை ஓர் இந்தியக் கியூபிஸ்ட் என்று கூறி எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில், ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த காண்டின்ஸ்கி, பால் கிளே முதலியோரின் படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே கண்காட்சியில் ககனேந்திரரின் படங்களும் இடம்பெற்றன. உலகத்தின் புதிய கலையும் வங்காளத்தின் புதிய கலையும் ஒரே கூடத்தில் கூடிய நிகழ்ச்சி அது.

இங்கே ஒரு சிறு செய்தியை இடையிட்டுச் சொல்கிறேன். நான் வாழும் அச்சங்குளம் சிவகாசிப் பகுதியைச் சேர்ந்த ஊர். அதே 1922-ஆம் ஆண்டில்தான், சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்னும் இருவர் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தாவுக்குச் சென்றனர். அவர்கள் கற்றுத் திரும்பிய தொழிலிலிருந்தே எங்கள் வட்டாரத்தின் தீப்பெட்டியும், பின்னர்ப் பட்டாசும் அச்சுத் தொழிலும் கிளைத்தன. ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், ஒரு பக்கம் நெருப்பைக் குச்சியில் அடக்கும் தொழிலை நம்மவர் பயின்றனர். மறுபக்கம் ஓர் ஓவியர் அச்சத்தை அறைக்குள் அடக்கும் கலையைப் பயின்றுகொண்டிருந்தார். அவ்விரண்டுக்கும் வரலாற்றில் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் எங்கள் ஊரில் அமர்ந்து அந்த ஓவியங்களைப் பார்க்கும்போது, தொடர்பு இருப்பதாகவே என் மனம் எண்ணுகிறது. அதற்குக் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

ககனேந்திரரின் அறைகளுக்கு வேறொரு மூலமும் உண்டு. அது நாடக மேடை. 1912-இல் வெளிவந்த இரவீந்திரநாதரின் 'தபால் நிலையம்' என்னும் நாடகத்தில், நோயுற்ற அமல் என்னும் சிறுவன் அறையைவிட்டு வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் கட்டளையிட்டுவிடுகிறார். அவன் சன்னல் அருகில் அமர்ந்து, தெருவிற் போவோரையெல்லாம் அழைத்துப் பேசுகிறான். அரசனிடமிருந்து தனக்கு ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். நாடகம் முழுவதும் அந்த அறையிலேயே நிகழ்கிறது. 1917-இல் ஜோராசாங்கோ மாளிகையின் விசித்திரா மன்றத்தில் இந்நாடகம் நடிக்கப்பட்டபோது, மேடையை அமைத்தவர்களுள் ககனேந்திரரும் ஒருவர். ஓர் அறையும் ஒரு சன்னலும் காத்திருக்கும் ஒரு குழந்தையும் போதும். ஒரு பெருந்துயரத்தை அவையோர் முன் நிறுத்திவிடலாம் என்னும் பாடத்தை மேடை அவருக்குக் கற்பித்திருத்தல் கூடும். தட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, பக்கத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் உண்டாகும் ஆழத்தை அவருடைய ஓவியங்களில் நாம் காண்கிறோம்.

மேடை என்றதும் எங்கள் பக்கத்து ஓவியர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-இல் மறைந்த சி. கொண்டையராஜு அவர்களே அவர். அவரும் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலைகள் தீட்டியவர். அவரும் அவர் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி, தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளில் எல்லாம் சுவரேறின. அப்படங்களில் முருகனும் மீனாட்சியும் திருமகளும் நம்மை நேருக்குநேர் நோக்குகின்றனர். எங்கும் ஒளி, எங்கும் நிறைவு, நிழலுக்கு அங்கே வேலை இல்லை. 'அஞ்சற்க, நான் இருக்கிறேன்' என்று சொல்வதே அவ்வோவியத்தின் தொழில். அதைக் குறைவாக எண்ணலாகாது. துன்பமுற்றவர் காலையில் எழுந்து ஏறிட்டுப் பார்க்க ஒரு முகம் தேவைப்படுகிறது. அதை அப்படங்கள் கொடுத்தன.

ஆயினும், அந்தக் காலண்டர் மாட்டியிருக்கும் சுவரைத் தவிர, மற்ற மூன்று சுவர்களும் அவ்வறையில் இருக்கின்றன. அவற்றிடையே வாழும் மனிதர் இருக்கின்றனர். அவர்கள் முகத்திலுள்ள கவலையை யார் வரைவது? அந்த மூன்று சுவர்களையும் வரைந்தவர் ககனேந்திரர் என்று நான் சொல்வேன்.

உலகின் மறுகோடியில், இவர் காலத்திலேயே, இதே பணியைச் செய்த ஒருவரையும் நீங்கள் அறிதல் நலம். டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் 1864-இல் பிறந்து 1916-இல் மறைந்த வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் என்பவர் அவர். 1898 முதல் 1909 வரை தாம் குடியிருந்த வீட்டின் அறைகளையே அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். சாம்பல் நிறச் சுவர், வெள்ளைக் கதவு, முதுகைக் காட்டி நிற்கும் பெண். அப்பெண் பெரும்பாலும் அவருடைய மனைவி ஈடாவே. 1900-இல் வரைந்த ஒரு படத்தில் ஆள் எவரும் இல்லை. சன்னல், மூடிய கதவு, சாய்ந்து விழும் வெயில், அவ்வெயிலில் மிதக்கும் தூசி ஆகியவை மட்டுமே உள்ளன. அதைக் கண்டவர், அங்கிருந்து யார் போனார் என்று கேளாமல் இருக்க மாட்டார். ஹாமர்ஷோயும் இறந்தபின் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் மீண்டும் போற்றப்பட்டார். உரத்துப் பேசாத கலைஞர்களுக்கு நேரும் கதி எங்கும் ஒன்றே போலும்.

ககனேந்திரர் மறக்கப்பட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1930-ஆம் ஆண்டில் பக்கவாத நோய் அவரைத் தாக்கியது. தூரிகை கையைவிட்டு நீங்கியது. எட்டு ஆண்டுகள் அந்நிலையில் வாழ்ந்து, 1938 பிப்ரவரியில் அவர் காலமானார். நாடு அப்போது விடுதலைப் போரில் மூழ்கியிருந்தது. தேசத்தின் பெருமையைப் பறைசாற்றும் ஓவியங்களுக்கு இருந்த மதிப்பு, ஓர் இருண்ட படிக்கட்டுக்கு எப்படிக் கிடைக்கும்? அவர் வாழ்ந்த ஐந்தாம் எண் மாளிகையும் பிற்காலத்தில் கைமாறி இடிக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் வந்த திறனாய்வும் அவருக்குத் துணை நிற்கவில்லை. 1959-இல் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேய அறிஞர், இந்தியாவின் புதுக்கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிக்காசோவின் கியூபிசத்தை அளவுகோலாக வைத்து ககனேந்திரரை அளந்து, இவருடையது வலுவற்ற பின்பற்றல் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். வரலாற்றறிஞர் பார்த்தா மித்தர் 2007-இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய தீர்ப்பை மறுத்தார். மேலைநாட்டான் செய்ததுபோலச் செய்தால் 'நகல்' என்பதும், வேறாகச் செய்தால் 'சரியாகக் கற்கவில்லை' என்பதும் நேர்மையான அளவை ஆகா என்று அவர் வாதித்தார். மாணவர்களே, இவ்வாதத்தை நீங்கள் ஓவியத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்ள வேண்டா. ஒருவர் எதைச் செய்ய முயன்றார் என்பதை அறியாமல், மற்றொருவர் செய்ததைக் கொண்டு அவரை அளப்பது தேர்வுத் தாளிலும் தவறு, வாழ்க்கையிலும் தவறு.

ககனேந்திரர் எதைச் செய்ய முயன்றார் என்பதை நாம் நம் மரபைக் கொண்டே எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சங்கச் செய்யுள்களை அகம் என்றும் புறம் என்றும் பிரித்தனர் நம் புலவர். புறத்தில் மன்னன் பெயர் உண்டு, ஊர் உண்டு, போர் உண்டு. அகத்தில் காதலன், காதலி இவர்களின் பெயரைச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் சொல்லிவிட்டால் அது ஒருவருடைய கதையாகிவிடும். சொல்லாதபோது யாவருடைய உள்ளமும் அதில் புகுந்துகொள்ளும். ககனேந்திரர் முகத்தை மறைத்ததும் இதே காரணம் பற்றியே எனலாம். மேலும், முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். தலைவன் வருவான் என்று ஆற்றியிருத்தல். அங்கே நிகழ்ச்சி என்று ஒன்றும் இல்லை. மாலைப்பொழுதும் மழை மேகமும் வாயிலை நோக்கிய கண்களுமே உள்ளன. ஒன்றும் நிகழாத அந்நேரத்தில்தான் மனம் மிகுதியாக உழைக்கிறது என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் பாடிவைத்தனர்.

இனி, எங்கள் ஊருக்கு வருகிறேன். பட்டாசு ஆலைகளில் வேலை அறைகளை ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியே சிறியனவாகக் கட்டுவர். ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமர்ந்து வேலை செய்தல் ஆகாது என்பது விதி. வழிப்போக்கன் ஒருவன் பார்த்தால், வெட்டவெளியில் சிதறிக் கிடக்கும் சிறு கட்டடங்கள் என்று மட்டுமே எண்ணுவான். பார்க்கத் தெரிந்தவனுக்கு, அந்த இடைவெளியும் அந்த நால்வர் என்ற எண்ணும் ஓர் அச்சத்தின் அளவுகள் என்பது விளங்கும். ஒன்று வெடித்தால் மற்றொன்று பிழைக்கவேண்டும் என்ற கணக்கிலே எழுந்த சுவர்கள் அவை. கட்டடமே மனத்தைப் பேசுகிறது.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், எங்கள் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் உயிரிழந்தனர். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து கூலிக்கு வந்த பெண்களும் அவர்களுள் இருந்தனர். மறுநாள் செய்தித்தாள்களில் இடிந்த சுவர்களும் புகையும் படங்களாக வந்தன. அவை புறம். ஆனால், ஒரு வெடியோசை கேட்டதும் எங்கள் பகுதி வீடுகளில் நிகழ்வதை எந்தப் படமும் காட்டுவதில்லை. உலையில் அரிசி இட்ட கை அப்படியே நிற்கும். வாயிற்படிக்கு வந்து, ஓசை எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஒரு பெண் உற்றுக் கேட்பாள். பேசினால் எங்கே கெட்டது நிகழ்ந்துவிடுமோ என்று எவரும் பேசமாட்டார். வேலைக்குப் போனவர் மாலையில் திரும்பிவந்து தூக்குவாளியைத் திண்ணையில் வைக்கும் வரையில் அந்த அமைதி கலையாது. விபத்து ஆண்டில் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். அந்தக் காத்திருத்தலோ நாள்தோறும் வருகிறது.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ஒருமுறை ஒரு பயிற்சி கொடுத்தேன். 'உங்கள் வீட்டின் ஓர் அறையை வரையுங்கள். ஆள் எவரையும் வரையக் கூடாது. ஆனால் அவ்வறையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது பார்ப்பவருக்குத் தெரியவேண்டும்' என்றேன். பலர் தொலைக்காட்சிப் பெட்டியும் மெத்தையும் வரைந்தனர். ஒரு மாணவி, திறந்த கதவையும், அதற்கு நேராகத் தரையில் ஒரு தட்டையும், அதன்மேல் கவிழ்த்த மற்றொரு தட்டையும் மட்டுமே வரைந்திருந்தாள். கோடுகள் கோணலாகத்தான் இருந்தன. "இது யாருக்கு, அம்மா?" என்று கேட்டேன். "அம்மாவுக்குத்தான் ஐயா. இன்னும் வேலையிலிருந்து வரவில்லை" என்றாள். வகுப்பறை சிறிது நேரம் பேசாமல் இருந்தது. அந்த மாணவர்களுள் பெரும்பாலோருக்கு அத்தட்டு தெரிந்த தட்டு.

அன்று தொடங்கி, பாடத்தில் கவனம் இல்லை என்று எந்தப் பிள்ளையைப் பற்றியாவது ஆசிரியர்கள் குறை கூறினால், முதலில் அப்பிள்ளை எந்த அறையிலிருந்து பள்ளிக்கு வருகிறது என்பதைக் கேட்டறியுமாறு சொல்லி வந்தேன். வகுப்பில் சன்னல் வழியே தெற்குத் திசையை நோக்கிக்கொண்டிருக்கும் சிறுவன் சோம்பேறியாக இருக்கலாம். ஓசைக்குக் காதுகொடுத்து இருப்பவனாகவும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு உளநூல் மட்டும் போதாது. பேசாத ஒன்றைப் பார்த்துப் பொருள் கொள்ளும் பழக்கமும் வேண்டும். ககனேந்திரரின் ஓவியங்கள் அப்பழக்கத்தைத் தரும் நல்லாசிரியர்கள்.

'ஓவியம் பார்த்து என்ன பயன்? மதிப்பெண் உண்டா?' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். மதிப்பெண் இல்லை. ஆனால், நீங்கள் நாளை மருத்துவராகலாம், ஆசிரியராகலாம், தொழிற்சாலை நடத்துபவராகலாம், ஒரு குடும்பத்தின் தலைவனாகவோ தலைவியாகவோ ஆவது உறுதி. உங்கள் முன் வந்து நிற்பவர் தம் துன்பத்தை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுவார் என்று எதிர்பார்க்க வேண்டா. நம் நாட்டில், குறிப்பாக நம் பெண்மக்கள், சொல்லாமல் இருப்பதையே பண்பு என்று பழகிவிட்டனர். அறையின் மூலையையும், பாதி திறந்த கதவையும், கவிழ்த்த தட்டையும் படிக்கத் தெரிந்தவரே அவர்களுக்கு உதவ முடியும்.

ககனேந்திரரின் படங்களைக் காண நீங்கள் இன்று கல்கத்தாவுக்கே செல்ல வேண்டும் என்பதில்லை. புதுதில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய படைப்புகள் உள்ளன. அங்குச் செல்ல வாய்ப்பில்லாதவர், பள்ளியிலோ கல்லூரியிலோ உள்ள கணினியிலும், உங்கள் கைபேசியிலும் அவற்றின் படிகளைக் காணலாம். ஒரு வேண்டுகோள்: விரலால் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். ஒரு படத்தை எடுத்து, ஐந்து நிமிடம் அதன் முன் அமருங்கள். முதலில் ஒளி எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பிறகு, அங்கே நிற்கும் உருவம் வருகிறதா போகிறதா என்று கேளுங்கள். அதன்பின், ஓவியர் ஏன் அந்தக் கதவை முழுதும் திறக்கவில்லை, முழுதும் மூடவும் இல்லை என்று எண்ணுங்கள். உங்கள் விடைகளை ஒரு தாளில் எழுதி, நண்பரின் விடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருவர் விடையும் ஒன்றாக இராது. ஏன் வேறுபட்டது என்று பேசத் தொடங்குவீர்கள். பேச்சு விரைவில் ஓவியத்தைவிட்டு உங்கள் வீடுகளைப் பற்றியதாக மாறும். அது நல்லதே. தடுக்க வேண்டா.

பிறகு மாலையில் வீடு திரும்பும்போது, உங்கள் சொந்த அறையின் வாயிலில் ஒரு கணம் நின்று, உள்ளே இருப்பவரைப் புதிதாகப் பாருங்கள். தாயார் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றால், 'இன்றைக்கு எப்படி இருந்தது, அம்மா?' என்று ஒரு சொல் கேளுங்கள்.